கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் கசிகிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்தை அடையும் வழி

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே தரையில் கறை விழுந்தால், கியர்பாக்ஸ் போய்விட்டது என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். எஞ்சின் ஆயில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்றே உள்ள ஆயிலான ஏடிஎஃப், மேனுவல் கியர்பாக்ஸின் கியர் ஆயில், கிளட்சை இயக்கும் பிரேக் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், கூலன்ட், ஏசியிலிருந்து வடியும் வெறும் தண்ணீர் என எல்லாமே அந்த ஒரே இடத்தில் வந்து சொட்டக்கூடும். இவற்றில் பலவற்றைக் கியர்பாக்ஸைத் தொடாமலே சரிசெய்துவிடலாம். அதை இறக்கி, சீல் மாற்றி, திரும்ப ஏற்றிய பிறகும் அதே கறை விழுந்தால் அந்த உழைப்புக்கும் பணத்துக்கும் ஈடே கிடையாது. அதனால்தான் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் துணியையும் டார்ச்சையும் எடுக்கச் சொல்கிறேன்.

ஆயில் கீழ்நோக்கி வழியும். ஓடும் வண்டியின் அடியில் வீசும் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். எஞ்சினின் உச்சியில் கசிந்தது, பின்சுவர் வழியாக இறங்கி, பெல் ஹவுசிங்கின் அடிமுனையில் திரண்டு சொட்டும். பெல் ஹவுசிங் என்பது எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸின் அகன்ற வாய்ப்பகுதி. ஈரமாக இருக்கும் இடங்களிலேயே எது மிக உயரமானது, எது மிக முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஓட்டலாமா, நிறுத்திவிட வேண்டுமா?

இதை முதலில் முடிவுசெய்யுங்கள். கியர் போட்ட பிறகு வண்டி நகரத் தாமதமானாலும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் வேகம் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டாலும், வளைவில் திரும்பும்போது மட்டும் கியர் வழுக்கினாலும், கியர்பாக்ஸிலிருந்து ஊளைச் சத்தம் வந்தாலும் உள்ளே ஆயில் மட்டம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கக்கூடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இந்த நிலையில் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கிளட்ச் தட்டுகளை எரிக்கிறது. ஓ-ரிங் எனும் சிறிய ரப்பர் வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, முழு கியர்பாக்ஸைப் பிரிக்கும் வேலையாக மாறிவிடும்.

புகைபோக்கிக் குழாயின் மேல் ஆயில் விழுந்து புகைந்தாலும் ஓட்டாதீர்கள். தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் குறைந்திருந்தாலும் அப்படியே. வண்டியை எடுத்துச்செல்ல வேண்டுமானால் நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஏற்றிச்செல்லும் வாகனத்தை அழையுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் பம்ப்பும் நின்றிருக்கும். கியர்பாக்ஸோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளுறுப்புகள் எண்ணெய்ப் பூச்சின்றித் தேயும்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை, தரையில் சில சொட்டுகள் மட்டும்தான் என்றால் பதற வேண்டியதில்லை. ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால்தான் 1 மில்லிலிட்டர். ஆனால் நின்ற வண்டியின் சொட்டுகளை மட்டும் எண்ணி நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. ஓடும்போது ஆயில் சூடாகி இளகும், அழுத்தமும் ஏறும். அப்போது போவது தரையில் தெரிவதைவிடப் பலமடங்கு இருக்கலாம்.

எந்தத் திரவம் என்று தெரிந்துகொள்வது

இரவில் வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் குறித்துவையுங்கள். காலையில் கறையின் நிறம், பரவல், இடம் மூன்றும் ஒரே அட்டையில் கிடைக்கும்.

புது ஏடிஎஃப் பெரும்பாலும் சிவப்பு. பழையது பழுப்பாகிவிடும், சில தயாரிப்புகள் பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. கருகிய வாடை அடித்தால் உள்ளே ஏற்கெனவே சூடேறியிருக்கிறது. மேனுவல் கியர்பாக்ஸின் ஆயில் கெட்டியாக, தேன் நிறத்தில் இருக்கும். அதில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்களின் நாற்றம் ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. எஞ்சின் ஆயில் பழுப்பிலிருந்து கருப்பு வரை. பிரேக் ஆயில் நீர்போல மெலிதாக, இளமஞ்சளாக, வழவழப்பாக இருக்கும், பெயின்ட்டை அரிக்கும். கூலன்ட் இனிப்பு வாடையோடு நீர்போல் ஓடும். அதைக் கீழே தேங்கவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள். குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் அது நஞ்சு. நிறமோ வாடையோ பிசுபிசுப்போ இல்லாமல், ஏசி போட்ட நாளில் மட்டும் வந்தால் அது வெறும் தண்ணீர், கவலையை விடுங்கள்.

பவர் ஸ்டீயரிங்கிலும் ஏடிஎஃப் ஊற்றும் கார்கள் பல உண்டு. ஆகவே சிவப்பு ஆயிலைக் கண்டதும் ஸ்டீயரிங் ஆயில் தொட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே மட்டம் இறங்கியிருந்தால் தேடல் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

துடைத்த பிறகே தேடல்

பல மாத அழுக்கின் மேல் புதுக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. எஞ்சின் ஆறியதும் வண்டியைச் சமதளத்தில் ஜாக்கால் தூக்கி, ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் உட்காரவைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கை நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை. பிறகு அடிக்கவரைக் கழற்றி, பிரேக் கிளீனர் தெளித்து, எஞ்சினின் பின்சுவர், பெல் ஹவுசிங், அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பான், ஆக்சில் நுழையும் இடங்கள் எல்லாவற்றையும் உலரத் துடையுங்கள். மின் கனெக்டர்களுக்குள்ளும் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளை மூடும் ரப்பர் உறைகளான பூட்கள் மேலும் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி 15 அல்லது 20 நிமிடம் ஓட்டிவிட்டு மீண்டும் பாருங்கள். அதிலும் பிடிபடவில்லை என்றால், சந்தேகம் உள்ள ஆயிலில் அதற்கென்றே விற்கும் ஒளிரும் சாயத்தைக் கலந்து ஓட்டி, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்த பாதை பளிச்சென மஞ்சள் பச்சையாக ஒளிரும். எஞ்சின் ஆயிலா ஏடிஎஃப்பா என்ற குழப்பம் தீராதபோது, ஒரு சமயத்தில் ஒன்றில் மட்டும் சாயத்தைக் கலப்பதுதான் சந்தேகத்துக்கு இடம்வைக்காத சோதனை. செலவற்ற வழியும் உண்டு: துடைத்த பரப்பின் மேல் டால்கம் பவுடரைத் தூவிவிட்டால் ஈரம் தொடங்கும் கோடு அதில் தெரியும்.

அறிகுறி: பெல் ஹவுசிங்கின் அடியில் கருப்பு அல்லது பழுப்பு ஆயில்

எல்லோரும் முதலில் குற்றம்சாட்டுவது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்சீலை. நான் அதைக் கடைசியாகத்தான் வைப்பேன், ஏனென்றால் அதை எட்டுவதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். முதலில் வால்வ் கவர் கேஸ்கெட்டின் பின்மூலையில் விரலை விட்டுத் தடவுங்கள். பிறகு ஆயில் அழுத்த சென்சார், ஆயில் ஃபில்டரின் அடித்தளம், கேம் ஷாஃப்ட் முனையில் உள்ள மூடி. இவை நான்கில் ஒன்று நனைந்திருந்தால் அதைச் சரிசெய்து, துடைத்து, மீண்டும் ஓட்டிப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

மேலே எல்லாம் உலர்ந்திருந்து, பெல் ஹவுசிங்கின் உள்ளிருந்துதான் ஆயில் வருகிறது என்றால் பின்சீல் மேல் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் எஞ்சினின் பிசிவி வால்வைச் சோதிக்காமல் விடக் கூடாது. கிராங்க் அறையில் சேரும் வாயுவை வெளியேற்றுவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலின் விளிம்பு வழியாகவும் ஆயிலைத் தள்ளும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். புஸ்ஸென்று காற்று வெளியே தள்ளினால் அடைப்பு உண்டு, அல்லது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. அடைத்த வால்வோடு புதுச் சீல் போட்டால் அதுவும் கசியும்.

மேனுவல் வண்டியில் பின்சீல் கசிந்து கிளட்ச் தட்டு நனைந்திருந்தால், எத்தனை முறை கழுவினாலும் அந்தத் தட்டு பழைய பிடிப்புக்கு வராது. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே அதையும் மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: அதே இடத்தில் சிவப்பு ஆயில்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முன்பம்ப் சீல், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், பம்ப்பின் ஓ-ரிங் ஆகிய மூன்றில் ஒன்று. பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறிய மூடியைக் கழற்றி, எஞ்சினோடு கன்வெர்ட்டரை இணைக்கும் மெல்லிய ஃபிளெக்ஸ் பிளேட்டின் இரு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் பக்கம் நனைந்திருந்தால் கிராங்க் சீல். கன்வெர்ட்டர் பக்கம் நனைந்திருந்தால் பம்ப் சீல் அல்லது கன்வெர்ட்டர். ஒரு டார்ச்சும் சில போல்ட்டுகளும் போதுமான இந்தச் சோதனை, வேலையின் முழுப் பாதையையும் தீர்மானித்துவிடுகிறது. இங்கே கியர்பாக்ஸ் இறங்கியே தீரும். இறக்கியதும் கன்வெர்ட்டரின் கழுத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீல் மட்டும் நிற்காது. அந்தக் கழுத்தைத் தாங்கும் வளையமான பம்ப்பின் புஷ் தேய்ந்திருந்தாலும் கழுத்து ஆடி, சீலின் விளிம்பைத் தின்றுவிடும்.

அறிகுறி: எஞ்சின் ஓடும்போது மட்டும் கசிவு

அழுத்தம் உள்ள இடத்தைத் தேடுங்கள். அதாவது ஏடிஎஃப்பைக் குளிர்விக்க ரேடியேட்டருக்கு எடுத்துச்செல்லும் குழாய்கள். உலோகக் குழாயும் ரப்பர் குழாயும் சேரும் நெரித்த வளையம், கியர்பாக்ஸில் செருகும் இணைப்பின் ஓ-ரிங், தாங்குபிடியில் உரசித் துருப்பிடித்த வளைவு ஆகியவை வழக்கமாகத் தேயும் இடங்கள். நெரித்த வளையம் கசிந்தால் அதன் மேல் கிளாம்ப் போட்டு இறுக்குவது சில நாள் தாங்கும், அவ்வளவுதான், குழாயையே மாற்றுங்கள். புதிதாக ரப்பர் துண்டு சேர்ப்பதானால் ஏடிஎஃப்புக்கும் அதன் வெப்பத்துக்கும் ஏற்றது என்று குறிப்பிட்ட குழாய்தான் வேண்டும். எரிபொருள் குழாயோ தண்ணீர்க் குழாயோ உதவாது.

எஞ்சின் ஓடும்போது எவரும் வண்டிக்கு அடியில் இருக்கக் கூடாது. ஓட்டி, நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே குனியுங்கள்.

அறிகுறி: சில நாள் நிறுத்திவைத்தால்தான் கசிகிறது, தினமும் ஓட்டினால் இல்லை

பலரையும் குழப்பும் அறிகுறி இது. ஓடும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் லிட்டர் கணக்கில் ஏடிஎஃப் நிறைந்திருக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் அதில் ஒரு பகுதி மெல்லப் பானுக்கு இறங்கி, அங்கே மட்டத்தை உயர்த்தும். வழக்கமாக ஆயில் எட்டாத உயரத்தில் இருக்கும் கியர் செலக்டர் ஷாஃப்ட்டின் சீல், வயரிங் நுழையும் கனெக்டரின் ஓ-ரிங் ஆகியவை அப்போது மூழ்கும். குளிர்ந்த ரப்பர் இறுகிச் சுருங்குவதும் இதற்குத் துணைபோகிறது. எனவே பானின் கேஸ்கெட்டை மாற்றுவதற்கு முன்னால், அதற்குச் சற்று மேலே இருக்கும் இந்த இரண்டையும் பாருங்கள். கனெக்டரைப் பிரித்தால் உள்ளே ஆயில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வயரின் இழைகளுக்கு நடுவே ஆயில் ஊர்ந்து, தொலைவில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய் அதைக் கெடுத்த வண்டிகள் உண்டு.

அறிகுறி: பானின் விளிம்பு முழுக்க ஈரம்

மேலிருந்து வழிந்ததல்ல என்று உறுதியானால், முதலில் பார்க்க வேண்டியது, ஆயிலை வடிக்கும் டிரெய்ன் பிளக்கின் வாஷர். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டிய அந்தச் செம்பு அல்லது அலுமினிய வாஷரைத் திரும்பத் திரும்பப் போடுவதால் வரும் கசிவு மிகச் சாதாரணம். அடுத்தது கேஸ்கெட்.

இங்கே நடக்கும் பெரும்பாலான கேடு, கசிகிறதே என்று போல்ட்டுகளை மேலும் மேலும் முறுக்குவதால் வருகிறது. பான் போல்ட்டுகளுக்குப் பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டர் அளவிலான முறுக்கே போதும். மணிக்கட்டின் பலம் மட்டும். அதற்கு மேல் இறுக்கினால் தகட்டுப் பானின் துளையோரங்கள் மேலெழும்பி, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விழும். அப்படி ஆகியிருந்தால் பானைக் கவிழ்த்து, தட்டையான கட்டையின் மேல் வைத்து, ஒவ்வொரு துளையோரத்தையும் சுத்தியலால் மென்மையாகத் தட்டிச் சமமாக்குங்கள். பழைய கேஸ்கெட்டின் எச்சத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். அலுமினியப் பரப்பில் இரும்புச் சுரண்டி கீறினால் அந்தக் கீறலே அடுத்த கசிவு. கையேடு சொல்லாத இடத்தில் கேஸ்கெட்டுக்குச் சிலிக்கான் பசை தடவ வேண்டாம். உள்ளே பிதுங்கும் துண்டு ஃபில்டரை அடைக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றில், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

பானின் உள்ளே இருக்கும் காந்தத்தில் மாவுபோன்ற சாம்பல் நிறப் படிவு இயல்பானது. இரும்புச் சில்லுகள் இருந்தால் கசிவைவிடப் பெரிய கேள்வி ஒன்று காத்திருக்கிறது.

அறிகுறி: சக்கரத்தின் உட்பக்கமும் டிரைவ் ஷாஃப்ட்டைச் சுற்றியும் தெறித்திருக்கிறது

கெட்டியான, கருத்த கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் பூட் கிழிந்திருக்கிறது. கியர்பாக்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீர்த்த ஆயிலாக இருந்து, ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையும் வாயில் ஈரம் தொடங்கினால் ஆக்சில் சீல்.

சீலை மாற்றுவதற்கு முன்னால் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஆட்டம் கூடுதலாக இருந்தால் உள்ளே பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஆடும் ஷாஃப்ட்டில் எந்தச் சீலும் நிலைக்காது. ஷாஃப்ட்டை வெளியே எடுத்ததும் சீல் உரசும் வளையத்தில் துரு, பள்ளம், கீறல் உண்டா என்று பாருங்கள். பழைய சீலை நெம்பும்போது அது உட்கார்ந்திருக்கும் துளையின் சுவரைக் கீறிவிடக் கூடாது. எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதை நெம்புவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள். புதுச் சீலின் சுருள்கம்பி உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் அதே ஆயிலைத் தடவி, சரியான விட்டமுள்ள குழாய்த் துண்டை வைத்து, கோணாமல் நேராகத் தட்டி இறக்குங்கள். அதன் பிறகு ஷாஃப்ட்டைச் செருகும்போது எடையைக் கையில் தாங்கிக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டின் பற்கள் உதட்டில் படிந்து உரசினால் அப்போதே கிழிந்துவிடும். நன்றாகச் செய்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசி நொடியில்தான்.

அறிகுறி: கியர்பாக்ஸின் மேல்பக்கம் தெளித்ததுபோல் ஈரம், அல்லது ஒரே சமயத்தில் பல சீல்கள் கசிவு

பிரீதர் துளையைப் பாருங்கள். சூடாகும்போது உள்ளே விரியும் காற்று வெளியேற இருக்கும் வழி அது. மண் அடைத்தால் அந்த அழுத்தம் சீல்களைத் தள்ளும். துளை திறந்திருந்தும் அதன் வழியாக ஆயில் வந்தால், அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். சுழலும் பாகங்கள் அதை நுரையாக அடித்து வெளியே தள்ளுகின்றன. மாற்ற வேண்டிய உதிரிபாகம் எதுவும் இல்லாத கசிவு இது. துளையைச் சுத்தம் செய்வதும் மட்டத்தைச் சரியாக்குவதும் போதும்.

அறிகுறி: கிளட்ச் பெடல் உள்ளே அமிழ்ந்துபோகிறது

பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் கிளட்ச் சிலிண்டரைப் பாருங்கள். அது கியர்பாக்ஸுக்கு வெளியே இருந்தால் எளிய வேலை. பெல் ஹவுசிங்குக்குள் ஷாஃப்ட்டைச் சுற்றி இருக்கும் வகையாக இருந்தால் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். பிரேக்கும் கிளட்சும் ஒரே தொட்டியிலிருந்து ஆயில் எடுக்கும் வண்டிகள் பல இருப்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அறிகுறி: ஏடிஎஃப் இளஞ்சிவப்புப் பால்போல் ஆகியிருக்கிறது

ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குளிர்விப்பான் ஓட்டையாகி, கூலன்ட்டும் ஏடிஎஃப்பும் கலந்துவிட்டன. வெளியே ஒரு சொட்டும் கசியாமலே இது நடக்கும் என்பதுதான் இதன் கொடுமை. கூலன்ட் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பட்டைகளைப் பிடித்திருக்கும் பசையை இளக்கிவிடும். எஞ்சினை நிறுத்துங்கள், மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரேடியேட்டரை மாற்றி, இரு அமைப்புகளையும் முழுமையாக அலசினாலும், கலந்த ஆயிலோடு ஓடிய தூரத்தைப் பொறுத்துத்தான் கியர்பாக்ஸ் பிழைக்கும்.

ஆயில் நிரப்புதல்

வடிக்கும் பிளக்கைத் திறப்பதற்கு முன்னால் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். துருப்பிடித்து அது அசையாவிட்டால், வடித்துவிட்ட கியர்பாக்ஸோடு வண்டி அங்கேயே நிற்கும். வடிந்த ஆயிலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்த வகை ஆயில் என்பதற்குக் கையேடு சொல்வதே இறுதி. படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடி கியர்பாக்ஸுக்கும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் சாதாரண ஏடிஎஃப் ஊற்றுவது அழிவு. ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்கும் மேனுவல் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 தர ஆயில் ஊற்றினால், அதில் கூடுதலாக உள்ள சேர்மங்கள் பித்தளை வளையங்களைத் தாக்கக்கூடும்.

மட்டம் பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். டிப்ஸ்டிக் உள்ளவற்றில் பெரும்பாலும் ஆயில் சூடாகி, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. டிப்ஸ்டிக் இல்லாதவற்றில் ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது மட்டத் துளையைத் திறந்து, மெல்லிய இழையாக வழியும் வரை நிரப்ப வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக் கீழிருந்து செய்ய வேண்டிய இந்த வேலைக்கு, நான்கு பக்கமும் சமமாகத் தூக்கும் லிஃப்ட் தேவை. அது இல்லாவிட்டால் இந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

சீலை உப்பவைத்துக் கசிவை நிறுத்தும் கலவைகளைப் பற்றி: இறுகிப்போன பழைய ரப்பர் சீலில் அவை சில காலம் வேலைசெய்யும். கிழிந்த சீல், பள்ளம் விழுந்த ஷாஃப்ட், துருப்பிடித்த குழாய் எதையும் அவை சரிசெய்யாது. விற்கப்போகும் வண்டியில் அதை ஊற்றிக் கசிவை மறைப்பது, அடுத்து ஓட்டுபவரின் பாதுகாப்போடு விளையாடுவது. அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலை முடிந்ததும் பழைய சாயமும் ஈரமும் மிச்சமில்லாமல் துடைத்து, அடிக்கவரை மாட்டாமலே ஒரு வாரம் ஓட்டுங்கள். சூடான ஓட்டம், ஓரிரவு நிறுத்தம், இரண்டு மூன்று நாள் தொடர்ந்த நிறுத்தம் மூன்றும் அந்த வாரத்துக்குள் அடங்கட்டும். ஒவ்வொன்றின் பிறகும் முதலில் ஈரம் கண்ட அதே புள்ளியை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணி மூன்று முறையும் வெள்ளையாகவே வந்தால் ஆயில் மட்டத்தை இன்னொரு முறை சரிபார்த்து, கவரை மாட்டிவிடலாம்.